வேர்ட்பிரஸ் தளத்தில் நீண்டுபோன நிர்வாக மெனுவை ஒழுங்குபடுத்துவது எப்படி?

வெள்ளவத்தையில் உள்ள உங்கள் புத்தகக் கடையின் வேர்ட்பிரஸ் தளத்தில் செருகுநிரல்கள் (கூடுதல் வசதிகளுக்காகத் தளத்தில் சேர்க்கும் சிறு மென்பொருள்கள்) பெருகி, இடப்பக்க மெனு நீண்டுவிட்டதால், ஊழியர்கள் 'பதிவுகள்' எங்கே என்று தேட வேண்டியிருப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு செருகுநிரலும் மெனுவில் தனக்குரிய இட எண்ணைத் தானே கேட்டுக்கொள்வதுதான் இதற்குக் காரணம். வேர்ட்பிரஸில் பதிவுகளுக்கு 5, ஊடகத்துக்கு 10, பக்கங்களுக்கு 20, அமைப்புகளுக்கு 80 என எண்கள் உள்ளன. சிறிய எண் மேலே வரும் என்பதால், 3 அல்லது 4 கேட்கும் செருகுநிரல் பதிவுகளுக்கும் மேலே ஏறி அமர்ந்துவிடுகிறது. எண் தராதவை அடியில் சேரும்.

பயன்படுத்தாத செருகுநிரல்களை முதலில் நீக்குங்கள். மீதியை 'அட்மின் மெனு எடிட்டர்' என்ற செருகுநிரலைக் கொண்டு இழுத்து வரிசைப்படுத்தலாம்; அதில் சிரமம் ஒன்றுமில்லை.

ஆனால், மெனுவை மறைப்பது வேறு, அனுமதியை நீக்குவது வேறு என்பதைத் தயவுசெய்து மனத்தில் வையுங்கள். வெறுமனே மறைக்கப்பட்ட பக்கத்தின் முகவரியை உலாவியில் நேரடியாகத் தட்டச்சுச் செய்தால், அனுமதியுள்ள எவருக்கும் அது திறக்கும். புதிய நூல்களைப் பற்றிப் பதிவிடும் ஊழியருக்கு நிர்வாகிக் கணக்கு எதற்கு? அவருக்கு வேர்ட்பிரஸின் 'எடிட்டர்' என்ற பயனர் பொறுப்பைக் கொடுத்தால், அமைப்புகள், செருகுநிரல்கள் ஆகிய மெனுக்கள் அவருடைய திரையில் வரவே மாட்டா. முகவரியைத் தட்டச்சுச் செய்தாலும் அனுமதி மறுக்கப்படும்.