சொந்த சர்வரை நம்பித் தொழில் நடத்தலாமா?

கேள்வி: தனி ஆளாக மென்பொருள் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன். மாதந்தோறும் ஏறும் கிளவுட் கட்டணமும், கணக்கை என்றைக்கு முடக்குவார்களோ என்ற அச்சமும் என்னை வாட்டுகின்றன. எல்லாவற்றையும் சொந்த சர்வருக்கு மாற்றினால் ஒருவனால் சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும். நிரல்களிலிருந்து தொடங்குங்கள். கிட் வேறு, கிட்ஹப் வேறு: கிட் என்பது நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவி; கிட்ஹப் அதை வைத்து ஒரு நிறுவனம் நடத்தும் இணையச் சேவை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட்டுக்கு நடுவில் எந்த நிறுவனமும் தேவையில்லை. எஸ்.எஸ்.எச். (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக நுழைய முடிகிற, கிட் நிறுவியுள்ள எந்த லினக்ஸ் கணினியையும் ஒரே கட்டளையில் உங்கள் களஞ்சியமாக்கிவிடலாம். உங்கள் மடிக்கணினியிலும் முழு வரலாறும் இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றொன்று காப்பாற்றும்.

தரவுத்தளத்துக்கு, ஒரு நேரத்தில் ஒருவர் எழுதினால் போதும் என்கிற அளவிலான பயன்பாடாக இருந்தால், எஸ்கியூலைட் என்ற எளிய தரவுத்தள மென்பொருளையே சொல்வேன். 2000ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் அது, உரிமக் கட்டுப்பாடு ஏதுமின்றி, முழுத் தரவையும் வழக்கமாக ஒரே கோப்பில் வைத்துக்கொள்கிறது. பலர் ஒரே சமயத்தில் எழுதும் நிலை வந்தால் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளுக்கு மாறிக்கொள்ளலாம்.

உண்மையான பாரம் பேக்கப்பில்தான் இருக்கிறது. நானே அதில் சறுக்கியிருக்கிறேன். ஒரு வாடிக்கையாளரின் தரவுக் கோப்பை இரவுதோறும் வேறு கணினிக்கு நகலெடுத்து வந்தேன். வட்டு பழுதான அன்று அந்த நகல் பிழையின்றித் திறந்தது, ஆனால் கடைசியாகச் சேர்த்த பதிவுகளைக் காணவில்லை. எஸ்கியூலைட் ‘வால்’ (WAL) என்ற எழுதும் முறையில் இயங்கும்போது புதிய பதிவுகள் சிறிது நேரம் பக்கத்திலுள்ள தனிக் கோப்பில் தங்கியிருக்கும் என்பதை மறந்து, முதன்மைக் கோப்பை மட்டும் எடுத்திருந்தேன். அந்தப் பதிவுகளை வாடிக்கையாளரே காகிதத்தைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்ய நேர்ந்ததை நினைத்தால் இன்றும் வருந்துகிறேன். ஆகவே வெறும் நகலெடுப்பை விட்டுவிட்டு எஸ்கியூலைட்டின் பேக்கப் கட்டளையையே பயன்படுத்துங்கள். மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, கடைசிப் பதிவு வரை இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

இணையதளத்தை https முகவரியில் இயக்கத் தேவையான பாதுகாப்புச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. புதுப்பித்தலைத் தானியங்கியாக்கிவிட்டால் போதும்.

மின்னஞ்சலை மட்டும் சொந்த சர்வருக்குக் கொண்டுவர வேண்டாம் என்பது என் கருத்து. கடிதம் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டிக்கிம் எல்லாம் சரியாக அமைத்தாலும், புதிய ஐ.பி. முகவரியிலிருந்து செல்லும் கடிதம் ஸ்பாமில் விழ வாய்ப்பு அதிகம். அதில் உங்கள் இன்வாய்ஸும் ஒன்றாக இருக்கக்கூடும்.