பையன் வாங்கிய கடனுக்கு யார் பொறுப்பு? கேள்வி பதில்

வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இளைஞர்களின் கடன் பற்றி நீலகிரியின் நாலா பக்கமிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஐயா, நான் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊர்) சின்ன தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். கோவையில் வேலை பார்க்கும் 22 வயது மகன் தனிநபர் கடன் வாங்கி மூன்று தவணை கட்டவில்லை. வசூல் ஆட்கள் எனக்கு போன் செய்து "அப்பாதான் கட்டணும்" என்கிறார்கள். நான் கட்ட வேண்டுமா?

வேண்டியதில்லை. 18 வயது முடிந்தவர் வாங்கிய கடன் அவருடையது. நீங்கள் ஜாமீன் கையெழுத்தோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்தோ போட்டிருந்தால் மட்டும்தான் உங்கள் தலையில் விழும். அப்படிப் போட்டிருந்தால், மகனுக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் உங்களுக்கும் உண்டு. "முதலில் அவனிடம் கேளுங்கள்" என்று தட்டிக்கழிக்க முடியாது. கல்விக் கடனில் பெரும்பாலும் பெற்றோரும் கையெழுத்திட்டிருப்பார்கள், அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது. வீட்டாரையும் நண்பர்களையும் அவமானப்படுத்தி வசூலிக்கக் கூடாது. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரத்துக்கு 14448. ஒன்று மட்டும் கவனம்: வீட்டுக்கு வந்து "சும்மா ஒரு கையெழுத்து" என்று நீட்டும் எந்தத் தாளிலும் போட்டுவிடாதீர்கள்.

ஊட்டியில் டாக்ஸி ஓட்டுகிறேன் சார், வயசு 24. கிரெடிட் கார்டு லிமிட் 40 ஆயிரம் இருந்தது. நான் கேட்காமலே ஒன்றரை லட்சம் ஆக்கினார்கள். இப்போது முழுக்கக் கடன். தப்பு அவர்களுடையதுதானே?

பாதி. உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் லிமிட்டை உயர்த்தக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. முதலில் பழைய எஸ்எம்எஸ், ஆப் எல்லாவற்றையும் பாருங்கள். "வாழ்த்துகள், லிமிட் உயர்வு பெற இங்கே தட்டவும்" என்று வந்ததைத் தட்டியிருந்தால் அதைச் சம்மதம் என்றுதான் காட்டுவார்கள். தட்டவில்லை என்றால் புகார் கொடுக்க இடமிருக்கிறது. ஆனாலும் செலவழித்த பணம் செலவழித்ததுதான். அது தள்ளுபடி ஆகாது.

சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு என் கருத்தைக் கேட்டால், கொடுத்தவர் மேல்தான் கூடுதல் பொறுப்பு என்பேன். ஆறு மாதக் கணக்கைப் பார்த்தாலே சீசன் முடிந்ததும் உங்கள் வரவு எப்படிச் சரிகிறது என்று தெரிந்துவிடும். அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் பார்க்காமல் கொடுத்தார்கள். கடன் கொடுப்பது தொழில் என்றால், திருப்பிக் கட்ட முடியுமா என்று பார்ப்பது அந்தத் தொழிலில் பாதி. ரிசர்வ் வங்கிக்கே இதில் கவலை வந்துதான் 2023 நவம்பரில் தனிநபர் கடன் போன்ற, அடமானம் இல்லாத நுகர்வோர் கடன்களின் இடர் எடையை (ரிஸ்க் வெயிட்) 100-லிருந்து 125 சதவீதமாக உயர்த்தியது. அதாவது இப்படிக் கடன் கொடுக்கும் வங்கி தன் சொந்த மூலதனத்தைக் கூடுதலாக ஒதுக்க வேண்டும்.

கிரெடிட் கார்டில் மினிமம் டியூ (மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) மட்டும் தவறாமல் கட்டுகிறேன். அது போதாதா? (குன்னூர், கல்லூரி மாணவி)

அபராதம் வராது, கடனும் தீராது. பாக்கி 50,000 ரூபாய், மாத வட்டி 3.5 சதவீதம், மினிமம் டியூ 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கட்டுவது 2,500. வட்டிக்கு 1,750 போகும், அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 315 போகும். அசலில் கழிவது வெறும் 435. முழுப் பாக்கியும் கட்டாதவரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அந்தக் கார்டை இன்றைக்கே உள்ளே வையுங்கள்.

என் 17 வயது மகன் என் ஆதார், பான், போனுக்கு வந்த ஓடிபி எல்லாவற்றையும் வைத்து ஆப்பில் கடன் எடுத்துவிட்டான். மைனர் கடன் செல்லாது என்கிறார்களே? (கூடலூர்)

மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-இல் மோகரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் (ஆங்கிலேயர் காலத்தில் கடைசி மேல்முறையீட்டு மன்றம்) தீர்த்துவைத்த விஷயம். ஆனால் ஆவணப்படி கடன் வாங்கியது மகன் இல்லை, நீங்கள். "நான் வாங்கவில்லை" என்று புகார் கொடுத்தால் "பின்னே யார்?" என்ற கேள்வி உங்கள் வீட்டுக்குள் வரும். சின்னத் தொகை என்றால் கட்டிவிட்டு, ஓடிபி வரும் போனைப் பூட்டி வைப்பதுதான் நடைமுறை. கடன் எடுத்து ஓரிரு நாள்தான் ஆகிறது என்றால், அபராதமில்லாமல் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் திருப்பிக் கொடுத்து வெளியேற அவகாசம் இருக்கலாம். குறைந்தது ஒரு நாளாவது தர வேண்டும் என்பது விதி.

போட்டோவை ஆபாசமாக மாற்றி எல்லோருக்கும் அனுப்புவோம் என்று லோன் ஆப்பில் மிரட்டுகிறார்கள்.

சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது இன்றே சொல்லிவிடுங்கள். பணம் கட்டினாலும் மிரட்டல் நிற்காது. உங்கள் கான்டாக்ட் லிஸ்டை எடுப்பதற்கே கடன் ஆப்புக்கு அனுமதி கிடையாது. அனுமதி பெற்ற நிறுவனங்களின் ஆப் பட்டியல் 2025 ஜூலையிலிருந்து ரிசர்வ் வங்கித் தளத்தில் இருக்கிறது, இனி அதைப் பார்க்காமல் எதையும் இறக்காதீர்கள்.

இந்தத் தலைமுறைக்கே ஆடம்பரம் அதிகம். அதுதானே காரணம்? (ஓய்வு பெற்ற ஆசிரியர்)

நாம் மட்டும் கடன் வாங்கவில்லையா ஐயா? தேயிலை வாங்கும் இலை ஏஜென்டிடம் அட்வான்ஸ், அடகுக் கடை, சீட்டு எல்லாம் நாம் பார்த்ததுதான். பசுந்தேயிலை விலை விழுந்தால் அட்வான்ஸ் அடுத்த வருஷத்துக்கும் தொடரும். ஆனால் கொடுத்தவருக்கு நம் தோட்டம் எத்தனை ஏக்கர், வீட்டில் எத்தனை வாய் என்று தெரியும். அதற்கு மேல் கொடுக்க மாட்டார். அவர் நல்லவர் என்று சொல்ல வரவில்லை, வட்டியும் கமிஷனும் கறந்தவர்தான். இன்றைக்கு மொபைல் கடையில் உட்கார்ந்திருக்கும் பைனான்ஸ் பையனுக்கு டார்கெட் மட்டும்தான் தெரியும். அவனுக்கும் வயது 23, அவனுக்கும் ஒரு இஎம்ஐ இருக்கும்.

ஏப்ரல், மே சீசனில் சம்பாதிப்பதுதான், உறைபனி மாதங்களில் ஓட்டல் வேலை பாதிதான். இஎம்ஐ மட்டும் மாதாமாதம் ஒரே தொகை. என்ன செய்வது?

தவறுவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள்: தேதியை மாற்ற முடியுமா, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்ட முடியுமா என்று. பயிர்க் கடனில் அறுவடையைப் பார்த்துத் தவணை வைக்கிற வழக்கம் வங்கிகளுக்கு உண்டு. மறுத்தாலும் கேட்டதற்கு ஆதாரம் கையில் இருக்கும். ஒரு ஆப்பை அடைக்க இன்னொரு ஆப் எடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். வீட்டில் நகை இருந்தால், வங்கி நகைக்கடனால் கார்டு பாக்கியை அடைப்பது கணக்குப்படி லாபம்தான். நகை அம்மாவுடையது என்றால் கணக்கைக் காட்டி முதலில் அவரிடம் கேளுங்கள்.