சூட்டுக்குப் பரவ நேரமில்லை: துடிப்பு லேசர் பற்றிச் சில கேள்விகள்

கிளிநொச்சியில் படித்து வளர்ந்தவள் நான். பிறகு ஆறு வருடம் ஓர் ஆய்வுகூடத்தில், லேசர் துடிப்பால், அதாவது கண நேரம் மட்டும் வந்து போகும் லேசர் ஒளியால், உலோகத்தைச் சூடாக்கி அந்தச் சூடு எங்கே போகிறது என்று பார்ப்பதே வேலையாக இருந்தது. ஊரில் பிள்ளைகளும் பெரியவர்களும் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

முல்லைத்தீவு, உயர்தர மாணவி: அக்கா, லேசர் இரும்பையே ஆவியாக்கும் என்கிறார்கள். ஆனால் ஒரு துடிப்பின் சக்தி 100 மில்லியூல்தான் என்று வாசித்தேன். அது மிகக் குறைவல்லவா?

குறைவுதான் பிள்ளை. 100 மில்லியூலை ஒரு துளி தண்ணீருக்குக் கொடுத்தால் அரைப் பாகைதான் சூடேறும். ஆனால் அந்தச் சக்தி 10 நானோ செக்கனுக்குள், அதாவது ஒரு செக்கனைப் பத்துக் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு நேரத்துக்குள், வந்து விழுந்து முடிகிறது. சக்தியை நேரத்தால் வகுத்துப் பாருங்கள்: 10 மெகாவாட். மன்னார்த் தீவில் நிற்கிற பெரிய காற்றாலைகளில் மூன்று முழு வலுவில் சுற்றினால் வருகிற அளவு. அது மிளகை விடச் சிறிய புள்ளியில் விழுகிறது.

வலுவை மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும். மற்றப் பாதி, அந்த நேரத்துக்குள் சூடு எவ்வளவு தூரம் ஓடியது என்பது. கோயிலில் கற்பூரத் தட்டு வரும்போது சுடருக்கு மேல் கையை ஒரு கணம் காட்டி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். சுடர் பல நூறு பாகை, ஆனாலும் கை சுடுவதில்லை. சூடு தோலுக்குள் இறங்குமுன் கை விலகிவிடுகிறது. லேசர் துடிப்பிலும் நடப்பது இதுதான். அங்கே மேற்பரப்பு கொதித்து ஆவியாகிறது, உள்ளே இருக்கும் உலோகத்துக்கு அந்தச் செய்தியே போய்ச் சேரவில்லை.

கணக்கும் எளிது. பொருளின் வெப்பப் பரவுதிறனை, அதாவது சூடு அதற்குள் எவ்வளவு விரைவாகப் பரவும் என்ற அளவை, நேரத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், சூடு ஓடிய தூரம் ஏறக்குறைய வந்துவிடும். 10 நானோ செக்கனில் செம்பில் 1 மைக்ரோமீற்றர், அதாவது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. துருப்பிடிக்காத உருக்கில் 0.2 மைக்ரோமீற்றர்தான். துடிப்பை 1 மில்லி செக்கனாக நீட்டினால் செம்பில் அது 0.3 மில்லிமீற்றர் ஆகிவிடும். நேரத்தைக் கையில் வைத்திருப்பவர் ஆழத்தையும் கையில் வைத்திருக்கிறார். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விடயம் இதுதான்.

வவுனியா, நகை வேலை செய்பவர்: தங்கச்சி, கல் பதித்த மோதிரத்தைக் கல்லைக் கழற்றாமலே லேசரில் ஒட்டலாம் என்கிறார்கள், உண்மையா?

உண்மை அண்ணை. ஊதுகுழலில் மோதிரம் முழுவதும் காயும், கல் வெடிக்கும். லேசர் ஒட்டில் சில மில்லி செக்கன் துடிப்பு, அரை மில்லிமீற்றர் அளவுப் புள்ளி. மோதிரத்தை விரலில் பிடித்தபடியே ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளியில் மட்டும் கவனமாக இருங்கள். அது வாங்கிய ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், உள்ளே போன கொஞ்சச் சூட்டையும் சட்டென்று பரப்பிவிடும். அதனால் தங்கத்துக்கு வைத்த அளவு வெள்ளிக்குப் போதாது.

இரணைமடு, விவசாயி: பிள்ளை, துருவை லேசரால் எடுக்கிற காணொளி பார்த்தேன். என் லான்ட்மாஸ்டர் கலப்பைக்குச் சரிவருமா?

வரும் ஐயா. துரு கறுத்தது, ஒளியை நன்றாகக் குடிக்கும், ஆவியாகித் தெறிக்கும். கீழே பளிச்சென்று இரும்பு தெரிந்ததும் ஒளி பெருமளவு திரும்பிவிடும், வேலை தானாகவே குறையும். 1970களின் தொடக்கத்தில் ஜோன் ஆஸ்மஸ் என்ற இயற்பியலாளர் வெனிஸ் நகரத்துச் சலவைக்கல் சிலைகளில் படிந்த கறுப்பை இப்படித்தான் எடுத்துக் காட்டினார். கறுப்பு போனது, வெள்ளைக் கல் அப்படியே நின்றது. ஆனால் கலப்பைக்குக் கம்பித் தூரிகையே போதும், அவ்வளவு பணத்தை இதில் போடாதீர்கள்.

யாராவது வாங்குவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். அந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றின் ஒளி 1064 நானோமீற்றர் அளவில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆகவே கண் இமைக்காது. ஆனால் கண்வில்லை அதைக் குவித்து விழித்திரையில் ஒரு புள்ளியாக விழுத்திவிடும். பளபளத்த இரும்பில் பட்டுத் திரும்பிய கதிரே போதும். அந்த அலைநீளத்துக்கென்று செய்த கண்ணாடி இல்லாமல் யாரும் அருகில் நிற்கக்கூடாது, வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளும்தான்.

அறிவியல் நகர், பொறியியல் பீட மாணவர்: அக்கா, துடிப்பை ஃபெம்டோ செக்கனாகச் சுருக்கினாலும் நாங்கள் படிக்கிற வெப்பக் கடத்தல் சமன்பாடு சரியாக இருக்குமா?

அப்படியே எழுதினால் சரிவராது தம்பி. ஃபெம்டோ செக்கன் என்பது நானோ செக்கனில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒளியை முதலில் வாங்குவது உலோகத்தின் இலத்திரன்கள். அவற்றின் வெப்பக் கொள்ளளவு மிகச் சிறிது, அதனால் அவை பல ஆயிரம் பாகைக்கு ஏறிவிடும். அந்த நேரம் அணுக்களின் சாலகம், அதாவது அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கும் சட்டகம், அறை வெப்பநிலையிலேயே இருக்கும். இலத்திரன்கள் சூட்டைச் சாலகத்துக்குக் கொடுத்து முடிக்கச் சில பிக்கோ செக்கன் (நானோ செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆகும். ஒரே இடத்தில் இரண்டு வெப்பநிலை! அனிசிமோவும் கூட்டாளிகளும் 1974இல் எழுதியது அதைத்தான்: இலத்திரனுக்கு ஒரு சமன்பாடு, சாலகத்துக்கு ஒன்று, இரண்டையும் கோக்க ஓர் உறுப்பு. இவ்வளவு குறுகிய துடிப்பை வலுவாகவும் தர வழி செய்தது 1985இல் ஸ்ட்ரிக்லண்டும் மூரூவும் கண்ட முறை. அதற்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்படிக் குறுகிய துடிப்பால் வெட்டினால் சூடே ஏறாது என்று சொல்லும் 'குளிர் வெட்டு' என்ற விளம்பரச் சொல்லை நம்பிவிடாதீர்கள். துடிப்புகள் மிக நெருக்கமாக வந்தால், முந்தின துடிப்பின் மிச்சச் சூடு வடியுமுன் அடுத்தது வந்து விழும். வாய்க்கால் அடைத்த வயலில் மழை பெய்வதுபோல் சூடு ஏறிக்கொண்டே போகும்.

புதுக்குடியிருப்பு, ஆசிரியர்: இவ்வளவு வேகமாக நடப்பதை எப்படி அளக்கிறீர்கள்? எந்த வெப்பமானி தாங்கும்?

எந்த வெப்பமானியும் தாங்காது சேர். ஒளியைத்தான் வைத்து அளக்கிறோம். துடிப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றால் சூடாக்கி, மற்றதைச் சுற்றுப்பாதையில் விட்டுப் பிந்தி வரச் செய்வோம். ஒளி ஒரு நானோ செக்கனில் 30 சென்ரிமீற்றர் போகும். ஆகவே கண்ணாடியை 15 மைக்ரோமீற்றர் பின்னுக்குத் தள்ளினால் போய்வரும் பாதை 30 மைக்ரோமீற்றர் கூடும், 0.1 பிக்கோ செக்கன் தாமதம் கிடைக்கும். இரவிரவாக ஒரு திருகைக் கோடு கோடாகத் திருப்பி, ஒவ்வொரு கோட்டுக்கும் எவ்வளவு ஒளி தெறித்தது என்று குறித்திருக்கிறேன். விரலால் நேரத்தைத் தள்ளுவதுபோல் இருக்கும். சிலிக்கன் உருகும்போது உலோகம்போல் ஆகி, அதன் தெறிப்பு 35 வீதத்திலிருந்து 70 வீதமளவுக்குப் பாயும். அந்தப் பாய்ச்சலைக் கண்டால் உருகியது நிச்சயம்.

காதும் உதவும். துடிப்பு விழும் ஒவ்வொரு முறையும் 'டிக்' என்று சத்தம் வரும், ஆவி வெடித்து வெளியேறும் சத்தம். இலக்கு கொஞ்சம் விலகினால் அது மந்தமாகிவிடும். திரையைப் பார்க்குமுன் எனக்குக் காது சொல்லிவிடும். 2021இல் பெர்சிவியரன்ஸ் ஊர்தியின் லேசர் செவ்வாய்க் கல்லைச் சுட்ட சத்தத்தை நாசா வெளியிட்டபோது கேட்டேன். அதே 'டிக்'.

மாங்குளம், மாணவர்: லேசர் இல்லாத பாடசாலையில் இதில் ஏதாவது செய்ய முடியுமா அக்கா?

முடியும். 1961இல் பார்க்கர் என்ற ஆய்வாளரும் மூன்று கூட்டாளிகளும் வெப்பப் பரவுதிறனை அளக்க ஒரு முறை கொண்டுவந்தார்கள். தகட்டின் முன்பக்கத்தில் ஒரு மின்னல் ஒளி, பின்பக்கத்தில் வெப்பநிலை. அவர்கள் பயன்படுத்தியதே செனன் மின்னல் விளக்குத்தான். பின்பக்கம் அதன் உச்ச உயர்வில் பாதியை எட்ட எடுக்கும் நேரத்தைக் குறியுங்கள். தடிப்பின் வர்க்கத்தை அந்த நேரத்தால் வகுத்து 0.1388ஆல் பெருக்கினால் வெப்பப் பரவுதிறன் வந்துவிடும். 2 மில்லிமீற்றர் துருப்பிடிக்காத உருக்குத் தகட்டில் அந்த நேரம் 140 மில்லி செக்கன் அளவில் வரும். செம்பை எடுக்காதீர்கள், அதே தடிப்பில் 5 மில்லி செக்கனில் முடிந்துவிடும்.

பழைய கமராவின் மின்னல் விளக்கு, வெப்பநிலையைச் சிறு மின்னழுத்தமாகக் காட்டும் மெல்லிய வெப்ப இணைக் கம்பி, அதைப் பெரிதாக்க ஒரு பெருக்கி தேவை. உயர்வு ஒரு பாகைக்கும் குறைவாகவே இருக்கும், ஆகவே பெருக்கி இல்லாமல் தெரியாது. முன்பக்கத்தை விளக்குப் புகையில் கறுப்பாக்குங்கள், கம்பியைப் பின்பக்கத்தில் இறுக்கமாகத் தொடவையுங்கள். முதல் நாள் வரைபில் இரைச்சல்தான் தெரியும். இருபது முறை சுட்டுச் சராசரி எடுத்து அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.