ஒரு கை தண்ணீர்

அன்புள்ள அம்மா,

சாட்ஸ்வொர்த்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியையாக இருக்கிறேன். வெளிநாட்டுக் கல்வி நிபுணர் ஒருவர் டர்பனுக்கு வந்து இரண்டு நாள் பயிற்சி தருகிறார். என்னைப் போகச் சொல்கிறார்கள். திரும்பி வந்து மற்ற டீச்சர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமாம். போகலாமா? உலகம் பார்த்தவர் முன்னால் நமக்கு என்ன தெரியும் என்று தயக்கமாக இருக்கிறது.

வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள மகளுக்கு,

போய் வா. சான்றிதழும் சாப்பாடும் கிடைக்கும். ஆனால் 'நமக்கு என்ன தெரியும்' என்பது வகுப்பில் நின்றவள் எழுதுகிற வரியா? படித்ததும் கோபம்தான் வந்தது.

நீ போகிற போக்கில் எழுதிய 'திரும்பி வந்து சொல்லித்தர வேண்டும்' என்பதுதான் என்னைக் குடைகிறது. 1998இல் கரிக்குலம் 2005 என்ற புதுப் பாடத்திட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கியபோது நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். விளைவு சார்ந்த கல்வி என்றார்கள்; படித்து முடித்த பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிகிறது என்பதுதான் முக்கியமாம். அந்த முறையைப் பரப்பிய அமெரிக்கர் வில்லியம் ஸ்பேடியின் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. மேலே கேட்டவர் கீழே சொல்ல, அவர் இன்னும் கீழே சொல்ல, எங்கள் தலைமையாசிரியர் வழியாக எங்களிடம் வந்து சேர்ந்தது. கைமாறும்போதெல்லாம் ஒரு கை தண்ணீர் ஊற்றினால் மோரில் என்ன மிஞ்சும்? தலைமையாசிரியர் கையில் ஒரே ஒரு தாள். "இனி நீங்கள் டீச்சர் இல்லை, ஃபெசிலிடேட்டர்" என்று வாசித்தார். பிள்ளைகள் தாமாகக் கற்க, பக்கத்தில் நின்று உதவுகிறவராம்.

பக்கத்து வகுப்பு அக்கா எழுந்தார். "அப்ப நாளைக்குக் காலையில எழுத்துக்கூட்டி வாசிக்க யார் சொல்லித்தருவா?"

தலைமையாசிரியர், பாவம், தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமை. அக்கா கதவைச் சாத்திக்கொண்டு பழையபடி வாசிக்கச் சொல்லித்தந்தார். நான் சொன்னபடி குழுக்குழுவாக உட்காரவைத்துச் சுவரெல்லாம் படம் ஒட்டினேன். வருஷக் கடைசியில் யார் பிள்ளைகள் வாசித்தார்கள் என்று கேட்காதே.

2000இல் கல்வியாளர் லிண்டா சிசோம் தலைமையிலான பாடத்திட்ட மறுஆய்வுக் குழு இந்தக் கைமாற்றுப் பயிற்சியையும் குறை சொன்னது. 2009இல் அடிப்படைக் கல்வி அமைச்சராக இருந்த ஆஞ்சி மோட்செக்கா அந்தக் கல்விமுறைக்கு மரணச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டாயிற்று என்றார். ஸ்பேடியோ இங்கே நடந்தது தன் முறையே இல்லை என்று எழுதிவிட்டார். அவருக்கு அது சுலபம். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு?

கடல் கடந்து வந்தவர்கள் எல்லாரும் இப்படி என்று சொல்லவில்லை. வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி இந்திய அரசின் பிரதிநிதியாக 1927இல் இங்கே வந்தார், 1929இல் போய்விட்டார். டர்பனில் அவர் பெயரில் கல்லூரி நின்றது, பாடம் நடத்த இந்தியாவிலிருந்து ஆசிரியர்களும் வந்தார்கள். தாளை நீட்டிவிட்டுப் போகவில்லை.

சரி, உன் நிபுணரிடம் அக்காவின் கேள்வியைக் கேட்டுப் பார். பதில் கிடைத்தால் எனக்கும் எழுது. அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.