டிஐ (டிபென்டன்சி இன்ஜெக்ஷன்) பயன்படுத்தும் வலைச் செயலியில் லாக்கிங்கை, அதாவது செயலியில் நடப்பவற்றைக் குறித்துவைப்பதை, எப்படி அமைப்பது?

கடலூர் முதுநகர் துறைமுகத்திற்கு வரும் மீன் வரவைப் பதியும் வலைச் செயலியை ஏஎஸ்பி டாட்நெட் கோரில் எழுதுவதாகவும், ஒவ்வொரு கிளாஸிலும் லாக்கரைத் தனியே உருவாக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. வெப்அப்ளிகேஷன் பில்டரை உருவாக்கும்போதே கிளாஸ்களுக்குத் தேவையான பொருள்களை உருவாக்கித் தரும் டிஐ கன்டெய்னரில் லாக்கிங் சேவைகள் பதிவாகிவிடுகின்றன. ஆகவே உங்கள் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரில், அந்தக் கிளாஸையே டைப்பாகக் கொண்ட ஐலாக்கரைக் கேட்டால் போதும்.

அந்த டைப் வெறும் சடங்கு அன்று. நேம்ஸ்பேஸோடு சேர்ந்த அதன் முழுப் பெயரே ஒவ்வொரு லாக் பதிவுக்கும் பிரிவாக அமைவதால், செயலியின் அமைப்புகளைக் கொண்ட ஆப்செட்டிங்ஸ் கோப்பில் ‘மைக்ரோசாஃப்ட்’ என்று தொடங்கும் பிரிவுகளை வார்னிங் நிலைக்கு உயர்த்திவிட்டு, உங்கள் நிரலை மட்டும் டீபக் நிலையில் வைத்துக்கொள்ளலாம். பதிவின் தீவிரத்தைக் காட்டும் இந்த நிலைகள் டிரேஸ் 0 முதல் கிரிட்டிக்கல் 5 வரை செல்லும். 6 என்றால் எதுவும் எழுதப்படாது.

பலரும் சறுக்குவது வேறோரிடத்தில். படகு எண்ணை டாலர் குறியிட்ட ஸ்ட்ரிங்குக்குள்ளேயே கோத்து அனுப்பினால், அந்த லாக் நிலை அணைக்கப்பட்டிருந்தாலும் ஸ்ட்ரிங் வீணாக உருவாகும். பிறகு குறிப்பிட்ட ஒரு படகின் பதிவுகளை மட்டும் தேடி எடுப்பதும் கடினமாகும். செய்தியில் நெளிவு அடைப்புக்குள் இடப்பெயரை வைத்து, எண்ணைத் தனி ஆர்கியுமென்ட்டாகத் தாருங்கள். மதிப்புகள் பெயரால் அல்ல, வரிசையால் பொருந்தும் என்பதை மறவாதீர்கள் (இதில் ஏமாறாதவர் குறைவு).

கோப்பில் எழுதும் வசதி உள்ளமைப்பாக இல்லை. அதற்கு செரிலாக் அல்லது என்லாக் என்னும் லாக்கிங் நூலகத்தைச் சேர்க்கலாம். கன்ஸ்ட்ரக்டர்களை அப்போதும் மாற்ற வேண்டியிராது.