ஒன்றேகால் ஏக்கர் மானாவாரி நிலத்தில் இயற்கைவழி விவசாயம் கட்டுப்படியாகுமா?

கேட்டவர் பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கம் கொஞ்சம் மானாவாரி நிலம் வைத்திருக்கிறார். ரசாயன உரத்தை அடியோடு விட்டுவிட்டு ஜீவாமிர்தம் என்ற சாணக் கரைசல் மட்டும் ஊற்றினால் போதுமா, வீட்டுக்கு ஏதாவது மிஞ்சுமா என்று கேட்டிருக்கிறார்.

மிஞ்சும். ஆனால் நான் முதல் வருஷம் செய்த மாதிரி செய்தால் மிஞ்சாது.

நாங்கள் மூன்று தலைமுறையாகப் பெங்களூர் அல்சூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். அம்மா வழித் தாத்தாவின் நிலம் ஆனேக்கல் தாலுகாவில் இருந்தது. அம்மா பங்குக்கு 1 ஏக்கர் 10 குண்டெ வந்தது. (40 குண்டெ ஒரு ஏக்கர். அத்திப்பள்ளி தாண்டி ஓசூருக்குள் போய்விட்டால் சென்ட் கணக்குப் பேசுவார்கள். இரண்டு கணக்கும் தெரியாதவரிடம்தான் புரோக்கர்களுக்கு நல்ல வியாபாரம்.) மாமா பயிர் வைத்தவரை ராகி, யூரியா, டிஏபி, முடிந்தது கதை. ஏக்கருக்கு 9 குவிண்டால் வரை எடுத்திருக்கிறார். 2019இல் நான் கையில் எடுத்ததும் செய்த முதல் காரியம், உரமூட்டையை நிறுத்திவிட்டு 200 லிட்டர் நீல டிரம் ஒன்று வாங்கியது.

செலவில்லா இயற்கை விவசாயத்தைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கர் ஜீவாமிர்தத்துக்குச் சொன்ன கணக்கு உங்களுக்கும் தெரிந்திருக்கும். 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி வரப்பு மண். இரண்டு நாள் நிழலில் வைத்துக் கலக்கி ஒரு ஏக்கருக்கு ஊற்ற வேண்டும். சனிக்கிழமைதோறும் போய்ப் பக்தியோடு கலக்கினேன். நாற்பதாவது நாள் ராகி வெளிறி நின்றது. பக்கத்து நிலத்து ஆயா வரப்பில் வந்து நின்று பார்த்துவிட்டு, "இன்னா கண்ணு, பயிரு வெளுத்துக் கெடக்குது? வெறும் மோரு ஊத்தினா பசி தாங்குமா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு யூரியா மூட்டை 45 கிலோ, அதில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்). அதாவது 20 கிலோவுக்குச் சற்று மேல். மானாவாரி ராகிக்கு ஏக்கருக்குச் சிபாரிசு செய்வதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு டிரம் ஜீவாமிர்தத்தில் சாணம், கோமியம், மாவு எல்லாம் சேர்த்தாலும் தழைச்சத்து சில நூறு கிராம்தான் தேறும். அது மண்ணில் உள்ள நுண்ணுயிர்களைத் தட்டியெழுப்பும் என்பார்கள். சரி, எழுந்து உட்கார்ந்த பிறகு அவற்றுக்குத் தின்ன ஏதாவது வேண்டாமா? பல வருஷம் யூரியாவிலேயே ஓடிய செம்மண்ணில் மட்கு எங்கே இருக்கிறது? ஆயா சொன்ன மோர்க் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. மோர் செரிமானத்துக்கு நல்லது, ஆனால் சோறும் இருக்க வேண்டும். அந்த வருஷம் 5 குவிண்டால்.

ஒரே நாளில் நிறுத்துவதால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையே சாட்சி. 2021இல் ரசாயன உரத்துக்குத் திடீரென்று தடை போட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் தடையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நான் ஒன்றேகால் ஏக்கரில் செய்ததை அவர்கள் ஒரு நாடு முழுக்கச் செய்தார்கள், அவ்வளவுதான்.

இனி ஆயாவின் நிலத்துக்கு வருகிறேன், உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது. அவருக்கு 30 குண்டெ, இரண்டு மாடு. இயற்கை விவசாயி என்று அவர் தன்னைச் சொல்லிக்கொண்டதே இல்லை. அரை மூட்டை யூரியா போடுகிறார், ஒளிக்கவும் மாட்டார். ஆனால் விதைப்பைப் பாருங்கள். எட்டுச் சால் ராகிக்கு ஒரு சால் அவரை. இடையிடையே துவரை. ஓரத்தில் ஆமணக்கு. அங்கங்கே கடுகு, கொஞ்சம் பேயெள்ளு. இந்தப் பக்கம் கன்னடத்தில் இதற்கு அக்கடி சாலு என்று பெயர், நம் ஆட்களும் அக்கடி என்றே சொல்வார்கள். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி முதலில் கடுகில் போய் அப்பும். பேயெள்ளுப் பூவுக்குத் தேனீ வரும். மழை தவறினால் ராகி போகலாம், ஆழமாக வேர் விட்ட துவரை சுலபத்தில் போகாது.

ஒரு நாள் அவரைச் செடி ஒன்றைப் பிடுங்கி வேரைக் காட்டினார். கடுகு அளவிலும் மிளகு அளவிலும் முடிச்சுகள். ஒன்றைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளினார். உள்ளே இளஞ்சிவப்பு, ஈறு நிறம். "செவப்பா இருந்தா வேல செய்யுது. பச்சையா, வெள்ளையா இருந்தா சும்மா குந்திக்கினு கெடக்குது." காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கும் பாக்டீரியா உயிரோடு வேலை செய்யும்போதுதான் அந்தச் சிவப்பு வரும். அப்புறம் என் நிலத்து ஓரத்தில் முளைத்திருந்த தட்டைப்பயறுச் செடியைப் பிடுங்கிப் பார்த்தோம். முடிச்சு நாலோ ஐந்தோ, எல்லாம் வெளுப்பு. ஆயா ஒன்றும் சொல்லவில்லை, செடியை வரப்பில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஒன்று கவனியுங்கள். அவரையும் துவரையும் பிடிக்கிற சத்து அதே வருஷம் ராகிக்குப் பெரிதாகப் போய்ச் சேராது. துவரை கொட்டுகிற இலையும் மண்ணில் மட்கும் வேரும் அடுத்த பயிருக்குத்தான். முதல் வருஷமே விளைச்சல் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதனால் இரண்டாம் வருஷம் நான் பாதி யூரியாவுக்குத் திரும்பினேன், மூன்றாம் வருஷம் கால் பங்கு. அதற்குப் பிறகு போடவில்லை. பதிலுக்கு என் ராகித் தாள் முழுக்க ஆயா வீட்டுக்குப் போகிறது, அங்கிருந்து ஒரு டிராக்டர் எரு இங்கே வருகிறது. காசு கைமாறுவதில்லை. ராகித் தாள் நல்ல தீவனம், போராகப் போட்டு வைத்தால் அடுத்த வருஷத்துக்கும் கிடக்கும். வேளாண் சூழலியல் என்று கருத்தரங்குகளில் பேசுவதை எனக்கு விளங்கவைத்தது இந்தப் பண்டமாற்றுதான். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு அதற்கு 10 கூறுகள் சொல்கிறது, முதலாவது பல்வகைமை. அந்தக் கணக்கில் டிரம் வைத்திருந்த என்னைவிட அரை மூட்டை யூரியா போட்ட ஆயா எவ்வளவோ முன்னால் இருந்தார்.

பணம் பற்றி. போன வருஷம் மொத்த நிலத்தில் 7 குவிண்டால் ராகி. 2024-25க்கான அரசு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,290 ரூபாய், ஆக 30,000 ரூபாய்ச் சரக்கு. அதில் இரண்டு குவிண்டாலை மாவாக்கிக் கிலோ 80க்கு விற்றதில் கொஞ்சம் கூடுதலாக வந்தது. பச்சை அவரைக்காய் மூன்று வாரத்தில் 14,000 தந்தது, துவரை வீட்டுக்கும் உறவுக்கும் ஆயிற்று. களைக்கூலி மட்டும் 12,000. இந்தப் பக்கம் களை எடுக்க வந்த பெண்கள் எல்லாம் கார்மென்ட்ஸுக்கும் அபார்ட்மென்ட் வேலைக்கும் போய்விட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. எனக்கு மாதச் சம்பளம் இருக்கிறது, அதனால்தான் முதல் வருஷம் பிழைத்தேன். சம்பளம் இல்லாத ஆயாவைக் காப்பாற்றுவது பால் காசும் தன் கையாலேயே எடுக்கும் களையும்.

அவரைக்காய் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாட்டு அவரை பகல் குறுகினால்தான் பூக்கும், ஆகவே காய் டிசம்பர், ஜனவரியில். பனியில் நனைந்த காயைத் தொட்டால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு வாசனை ஒட்டும். கன்னடத்தில் சொகடு. எல்லாப் பருவத்திலும் காய்க்கும் ஹெப்பாள் அவரை ரகங்களை பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் (ஜிகேவிகே) கொடுத்திருக்கிறது, விளைச்சலும் நன்றாக வரும். ஆனால் அந்தப் பிசுக்குக்காகச் சாலையோரம் காரை நிறுத்தி வாங்குகிறவர்கள் பேரம் பேசுவதில்லை. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் விற்பது வேறு அனுபவம். ஒருவர் புழு நெளியும் காயைப் படமெடுத்துப் போட்டு "இது என்ன?" என்று கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள் மூன்றாவது மாடிப் பாட்டி, "மருந்து அடிக்கலேன்னு அர்த்தம், உங்களுக்கு வேண்டாம்னா எனக்குக் கொடுத்துடுங்கோ" என்று எழுதிவிட்டார்.

நீங்கள் ஆரம்பிப்பதானால் 10 குண்டெயில் மட்டும் ஆரம்பியுங்கள், மீதியில் வழக்கம்போல ராகி போகட்டும். மே மழையில் தட்டைப்பயறு தெளித்து, பூ எடுக்கும்போது மடக்கி உழுதுவிட்டு, பத்து நாள் கழித்து ராகியும் அவரையும் விதையுங்கள். வரப்பில் புங்கனோ கிளைரிசிடியாவோ நட்டால் சில வருஷத்தில் தழை வெட்டலாம். நாட்டு அவரை விதை கிடைக்காவிட்டால் எழுதுங்கள், ஆயா சாம்பல் கலந்து ஒரு டின் வைத்திருக்கிறார். டிரம் வாங்க வேண்டாம். என்னுடையதை நீளவாக்கில் அறுத்து ஆயா வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன், மாடுகள் அதில் தண்ணீர் குடிக்கின்றன.