சிறுதொழில் செய்யும் கிறிஸ்தவர் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்தால் பாவமா?

பாவம், பாவமில்லை என்று தீர்ப்புச் சொல்ல நான் ஐயரும் இல்லை, ஐயரம்மாவும் இல்லை. (எங்கள் பக்கம் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சிஎஸ்ஐ, போதகரை ஐயர் என்றும் சர்ச்சைக் கோயில் என்றும்தான் சொல்வோம்.) தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்தில் ஒரு ஊரில், வீட்டு முன்னறையில் பிளவுஸ் தைக்கிறவள். ஆனால் நீங்கள் கேட்டிருக்கிற தோரணையைப் பார்த்தால் யாரோ உங்களைச் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஷட்டரைப் பாதி தூக்கி வைத்திருந்ததைக் கோயிலுக்குப் போகிற வழியில் பார்த்திருப்பார்கள். ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது உங்கள் காதில் விழுகிற மாதிரி ஒரு வசனத்தைப் போட்டிருப்பார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது.

எந்த நாள் என்ற சண்டையை முதலிலேயே ஓரமாக வைத்துவிடுகிறேன். வேதாகமத்தில் ஓய்வுநாள் என்பது ஏழாம் நாள், அதாவது சனிக்கிழமை. இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள் என்பதால் சபை ஞாயிற்றுக்கிழமையில் கூடத் தொடங்கியது. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் 321-இல் நகரத்தாருக்கு அதை ஓய்வு நாளாக்கினான். விவசாயிகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தான். எங்கள் ஊர்ப்பக்கம் இதெல்லாம் பழைய கதை. 1857-இல் மிஷனரிகளோடு பிணங்கிப் பிரிந்த அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை ஆரம்பித்த சபை சனிக்கிழமையைத்தான் ஆசரித்தது. சனிக்கிழமை ஆசரிக்கிற அட்வென்டிஸ்ட் நண்பர்கள் கீழே சண்டைக்கு வர வேண்டாம், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. "ஓய்வுநாட்களைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக" என்று கொலோசெயர் நிருபத்தில் பவுல் எழுதியதும் எனக்குத் தெரியும். அதை எடுத்துக்கொண்டு வருகிறவர்களும் கொஞ்சம் பொறுங்கள்.

என் அப்பாவும் டெய்லர்தான். சனிக்கிழமை சாயங்காலம் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, ஒரு பழைய சாரத்தை (லுங்கியை) போட்டு மூடிவிட்டால் திங்கட்கிழமை காலையில்தான் எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை பாபினில் நூல் சுற்றக்கூட விடமாட்டார். பொங்கல், தீபாவளி நெருக்கத்திலும் அப்படித்தான். ஊரில் அவருக்கு அதனால் தனி மரியாதை. நானும் அதைப் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா நாலரை மணிக்கு எழுந்து, முதல் மணி அடிப்பதற்குள் கறிக்கு மசாலா அரைத்து வைத்துவிட்டுக் குளிப்பார் என்பது எனக்குக் கல்யாணமாகி என் கையில் அம்மி வந்த பிறகுதான் உறைத்தது. மெஷினுக்கு ஓய்வு இருந்தது, அம்மிக்கு இல்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2022-இல் கிறிஸ்துமஸே ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. அதற்கு முந்தின ஞாயிறு டிசம்பர் 18. டெய்லர் கடை வைத்திருக்கிறவர்களுக்கு அந்த வாரம் எப்படி இருக்கும் என்று தெரியும். நவம்பரிலேயே துணியை எடுத்துப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார்கள். டிசம்பர் 15-ஆம் தேதி கொண்டுவந்து போட்டுவிட்டு, "கேரலுக்கு வேணும்" என்பார்கள், கிறிஸ்துமஸ் பாட்டுக்கு. பதினாலு பிளவுஸ் பாக்கி. எல்லாமே லைனிங். என்னிடம் கைவேலைக்கு ஒரு பிள்ளை வந்துகொண்டிருந்தாள். கொக்கி வைப்பது, ஹெம்மிங் அடிப்பது, பட்டுச்சேலைக்கு ஃபால்ஸ் தைப்பது எல்லாம் அவள்தான். அவளையும் அந்த ஞாயிறு வரச் சொல்லிவிட்டேன்.

காலை ஆராதனைக்குப் போனேன், பொய் சொல்லவில்லை. வந்து முன்கதவைப் பூட்டிவிட்டு, மெஷின் சத்தம் தெருவுக்குக் கேட்காமல் இருக்க டிவியைச் சத்தமாக வைத்தேன். அதிலும் கிறிஸ்தவ சேனல்! ஒரு ஊழியக்காரர் இளைப்பாறுதலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நான் அந்தச் சத்தத்துக்கு அடியில் பிளவுஸுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். மனதுக்குச் சமாதானம் சொல்ல ஒரு வசனமும் கையில் இருந்தது. ஓய்வுநாளில் எருதோ கழுதையோ துரவில், அதாவது கிணற்றில், விழுந்தால் தூக்கிவிட மாட்டீர்களா என்று ஓய்வுநாள் சட்டம் பேசுகிற பரிசேயரை இயேசு கேட்டாரே, அதேதான். என் எருது இந்தப் பதினாலு பிளவுஸ் என்று சொல்லிக்கொண்டேன். அந்த எருதை வருஷா வருஷம் டிசம்பர் 15-இல் துரவில் தள்ளுவது யார் என்று மட்டும் யோசிக்கவில்லை.

நாலு மணி இருக்கும், பின்வாசலில் ஆள். எங்கள் சேகரத்து, அதாவது எங்கள் ஐயரின் பொறுப்பில் இருக்கிற சபைகளின், கமிட்டியில் இருக்கிற ஒருவருடைய வீட்டம்மா. "என் பிளவுஸ் முடிஞ்சுதாம்மா?" என்றார். கழுத்துப் பட்டி பாக்கி என்றேன். "இன்னைக்கே முடிச்சிரு, ராத்திரி பிள்ளையை அனுப்புதேன்" என்று திரும்பியவர், "முன்கதவைத் திறந்திராத. பார்க்கிறவங்க தப்பா நினைப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தலையாட்டினேன், எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, அந்த அம்மாவின் வீட்டுக்காரர் கோயிலில் தேவசெய்தி கொடுத்தார். ஓய்வுநாளில் கதவைப் பூட்டிக்கொண்டு மெஷின் ஓட்டுகிற குடும்பங்கள் நம் மத்தியில் இருக்கின்றன என்றார். பேர் சொல்லவில்லை, ஆனால் எங்கள் ஊரில் மெஷின் ஓட்டுகிற வீடு எத்தனை? இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மனைவி அதே பிளவுஸைப் போட்டுக்கொண்டுதான் முன்பக்கம் உட்கார்ந்திருந்தார். முதுகுப்பக்கம் நான் வைத்த முடிச்சு எனக்குத் தெரிந்தது.

எரிக் லிடெல் கதையும் சொன்னார். எல்லாப் பிரசங்கத்திலும் வருகிற கதைதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் ஓடமாட்டேன் என்று விலகி, அப்புறம் 400 மீட்டரில் தங்கம் வாங்கியவர். அது உண்மை, பெரிய காரியம். ஆனால் பிரசங்கங்கள் பெரும்பாலும் அந்தத் தங்கத்தோடு நின்றுவிடும். லிடெல் மிஷனரியாகச் சீனாவுக்குப் போனார். யுத்த காலத்தில் ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்து வைத்தார்கள். அங்கே இளம்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஹாக்கி ஆடி, நடுவர் இல்லாமல் அடித்துக்கொண்டார்கள். அதைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை ஓடமாட்டேன் என்ற அதே மனுஷன் ஞாயிற்றுக்கிழமை விசில் எடுத்துக்கொண்டு நடுவராக நின்றார். 1945-இல் அந்த முகாமிலேயே இறந்தும் போனார். இந்தப் பாதியை எங்கள் கோயிலில் நான் ஒருமுறையும் கேட்டதில்லை.

அன்று ராத்திரி கோபம் தாங்காமல் வேதாகமத்தை எடுத்தேன். ஜெபிக்க இல்லை. அவருக்குப் பதில் கொடுக்க வசனம் தேடினேன். "மனுஷன் ஓய்வுநாளுக்காக உண்டாக்கப்படவில்லை, ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது" என்பது மாற்கு சுவிசேஷத்தில் உடனே கிடைத்தது. அத்தோடு மூடியிருக்கலாம். இன்னும் ஒன்று கிடைக்குமா என்று உபாகமம் ஐந்துக்குப் போனேன். பத்துக் கட்டளை யாத்திராகமத்தில் ஒருமுறையும் அங்கே இன்னொருமுறையும் வருகிறது. யாத்திராகமத்தில் சொல்கிற காரணம், தேவன் ஆறு நாளில் எல்லாவற்றையும் உண்டாக்கி ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்பது. உபாகமத்தில் காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாய் இருந்தாய், அதை நினை. உன் வேலைக்காரன், வேலைக்காரி, உன் மாடு, கழுதை, உன் வாசலுக்குள் இருக்கிற அந்நியன் என்று வரிசையாகச் சொல்லி, இத்தனை பேரும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்கிறது.

வேலைக்காரி என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அந்தக் கைவேலைப் பிள்ளை இந்து வீட்டுப் பிள்ளை. அவளுக்கு ஞாயிறு என்ன, திங்கள் என்ன என்றுதான் நான் நினைத்திருந்தேன். நவம்பர் கடைசியிலிருந்து ஒரு நாள் லீவு கொடுக்கவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் ஒருநாள் கேட்டாள், "அக்கா, ஞாயித்துக்கிழமை மட்டும் வரலைன்னா கோவிச்சுக்குவீங்களா? எங்கம்மாவுக்கு அன்னைக்கு மட்டுந்தான் லீவு." அவள் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. "கிறிஸ்துமஸ் முடியட்டும் பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். என் பண்டிகைக்காக அவள் ஞாயிறு போயிற்று. கமிட்டிக்காரர் சொன்னதில் பாதி எனக்குப் பொருந்தியது, அவர் நினைத்த பாதி இல்லை.

ஞாயிற்றுக்கிழமையைக் கோயிலுக்காக வெள்ளைக்காரன் கொடுத்த நாள் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். பம்பாய் மில் தொழிலாளிகளுக்கு 1890-இல்தான் ஞாயிறு விடுமுறை கிடைத்தது. அதுவும் நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் வருஷக்கணக்கில் போராடி. அவரும் கிறிஸ்தவர் இல்லை.

அதன்பிறகு வாசலில் ஒரு அட்டை எழுதி மாட்டினேன்: ஞாயிறு விடுமுறை, டிசம்பர் 10-க்கு மேல் துணி வாங்கப்படாது. இந்த இடத்தில் சாட்சி எதிர்பார்ப்பீர்கள். ஞாயிறு மூடினேன், கர்த்தர் இரட்டிப்பாய்க் கொடுத்தார் என்று சொல்வார்களே. எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கு முப்பது பிளவுஸ் குறைந்தது. அவ்வளவும் பக்கத்து ஊர் டெய்லருக்குப் போனது. அவர் ஞாயிற்றுக்கிழமையும் தைக்கிறார், அவரை நான் குறை சொல்லமாட்டேன். இரண்டு பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். அதனால், நீங்கள் அன்றாடம் கடை திறந்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருந்தால், இதைப் படித்துக் குற்றமனசு பட வேண்டாம். உங்கள் கடையில் கூலிக்கு நிற்கிற பையனுக்கு வாரத்தில் எந்த நாள் லீவு என்பதை மட்டும் பாருங்கள். அவன் வீட்டில் யாருக்கு எந்த நாள் ஓய்வு என்று அவனிடமே கேளுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனது பொறுக்கவில்லை. அந்தப் பிள்ளை 2024-இல் டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போய்விட்டாள். சம்பளம் கூட, நான் தடுக்கவில்லை. வார லீவு புதன்கிழமையாம். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இலேயே சட்டம் வந்துவிட்டது. அவள் வேலை செய்கிற மாடியில் ஸ்டூல் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் உட்கார நேரம் இல்லை என்கிறாள். அந்தக் கூட்டத்தில் எங்கள் கோயில்காரர்களையும் பார்க்கிறாளாம், ஆராதனை முடிந்து நேராக வேன் பிடித்து வருகிறவர்களை. அங்கே ஒட்டியிருக்கிற விலையை ஒரு பேச்சுப் பேசாமல் கொடுப்பார்கள். அதே துணியை என்னிடம் கொண்டுவந்து, "லைனிங்குக்கு 350-ஆ?" என்று கையைப் பிசைவார்கள். கூலி என்றால் மட்டும் பேரம்!

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சனிக்கிழமை வைத்த குழம்புதான். என் வீட்டுக்காரர் இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அப்புறம் ஒருநாள் அவரே போய்க் கறி வாங்கி வந்து, அவரே வதக்கினார். உப்பு கூடிப்போயிற்று.

கமிட்டிக்காரர் வீட்டம்மாவின் அந்த டிசம்பர் 18 பிளவுஸுக்கு இன்னும் கூலி வரவில்லை. அளவு நோட்டில் பேருக்கு எதிரே அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.